கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக எழவில்லை: டேட்டாபேஸ் சர்வரில் பழுது தேடும் முறை

டேட்டாபேஸ் சர்வீஸ் எழவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அதே ஸ்டார்ட் கமாண்டை நான்கைந்து முறை அடித்துப் பார்ப்பது. அடுத்து சர்வரையே ரீபூட் செய்வது. அதற்கும் மசியவில்லை என்றால் டேட்டா டைரக்டரிக்கு ‘சிஹெச்மோட் 777’ போட்டு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தருவது. முதல் வேலையால் நேரம் போகும். இரண்டாவதால் தடயம் போகக்கூடும்: /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாத சர்வர்களில் லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னல் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், ரீபூட் ஆனதும் மறைந்துவிடும். மூன்றாவது புதிதாக ஒரு பழுதைச் சேர்க்கும். போஸ்ட்கிரெஸ் தன் டேட்டா டைரக்டரி 0700 ஆகவோ, 11ஆம் பதிப்பு முதல் 0750 ஆகவோ இருந்தால்தான் எழும். எல்லாரும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பை மைஎஸ்க்யூஎல் ஒரு எச்சரிக்கையோடு ஒதுக்கிவிடும். விளைவாக, நீங்கள் எழுதிய பாதையும் போர்ட்டும் போய் இயல்பு மதிப்புகளோடு எழப் பார்க்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் டேட்டா டைரக்டரியை நகலெடுங்கள். சர்வீஸ் நின்றுகிடக்கும் நேரத்தில் கோப்புகள் அசையாமல் இருக்கும், எனவே நகல் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ப்ராசஸ் உண்மையிலேயே ஓடவில்லை என்று ‘பிஎஸ்’ கமாண்டில் உறுதி செய்துகொண்டு, ‘சிபி -ஏ’ கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். சர்வீஸ் எழாததால் டேட்டா போவது குறைவு. எழவைக்கிறேன் என்று கோப்புகளை அழித்ததால் போனதே அதிகம்.

மறுத்தது யார்?

‘சர்வீஸ் எழவில்லை’ என்பதற்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. சிஸ்டம்டியால் டேட்டாபேஸ் ப்ராசஸைத் தொடங்கவே முடியாமல் போவது ஒன்று. தொடங்கிய டேட்டாபேஸ் தானே வெளியேறுவது மற்றொன்று. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டும் எண்ணிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். 203 என்றால் இயக்கவேண்டிய பைனரி அந்தப் பாதையில் இல்லை, அல்லது இயக்க அனுமதி இல்லை. 217 என்றால் யூனிட் கோப்பில் (சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) சொன்ன யூசர் சிஸ்டத்தில் இல்லை. 200 என்றால் ஒர்க்கிங் டைரக்டரிக்குள் போகமுடியவில்லை. 226 என்றால் யூனிட்டின் பாதுகாப்பு வேலிகளை அமைக்க முடியவில்லை. அதில் குறிப்பிட்ட ஏதோ ஒரு பாதை இல்லாமலிருப்பது வழக்கமான காரணம். இந்த நான்கிலும் டேட்டாபேஸ் ஒரு வரிகூட ஓடவில்லை. அதன் லாக்கைத் துழாவிப் பயனில்லை, யூனிட் கோப்பைத்தான் பார்க்கவேண்டும்.

வெறும் 1 என்று வந்தால் டேட்டாபேஸ் தானே வெளியேறியிருக்கிறது. காரணத்தை அநேகமாக எழுதியும் வைத்திருக்கும். சிக்னல் 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள்: நினைவகம் தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லராக இருக்கலாம், பொறுத்துப் பார்த்து அலுத்த சிஸ்டம்டியாகவும் இருக்கலாம். ‘டிமெஸ்ஜி’ பார்த்தால் கர்னலா இல்லையா என்பது தெரியும்.

‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி’ என்ற வரியைக் காரணம் என்று நினைத்துத் தேடுபவர்கள் உண்டு. அது காரணமே இல்லை. இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி மேற்கொண்டு முயல மறுக்கும், அவ்வளவுதான். ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட்’ கொடுத்து அந்தத் தடையை நீக்கிவிட்டு ஒரே ஒருமுறை ஸ்டார்ட் கொடுங்கள். உண்மையான பிழை அப்போது தனியாகத் தெரியும்.

டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற சர்வீஸ் வெறும் உறை. அது எப்போதும் பச்சையாக ‘ஆக்டிவ் (எக்ஸிட்டட்)’ என்றே காட்டும், உள்ளே டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் சரி. உண்மையான சர்வீஸின் பெயர் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16-மெயின்’ என்பது போல, பதிப்பும் கிளஸ்டர் பெயரும் சேர்ந்து இருக்கும். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ கமாண்டை அடித்தால் எது ஓடுகிறது, எது விழுந்திருக்கிறது, எந்தப் போர்ட், லாக் எங்கே என்று ஒரே வரியில் வந்துவிடும்.

லாக்கைப் படிக்கும் இடம்

மைஎஸ்க்யூஎல்லின் எரர் லாக் உபுண்டுவில் /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல் டைரக்டரிக்குள்ளும், ரெட் ஹேட் வகைகளில் /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்டி.லாக் என்றும் இருக்கும். டெபியன் வகையில் போஸ்ட்கிரெஸ் /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் எழுதும். ரெட் ஹேட் வகையில் டேட்டா டைரக்டரிக்குள்ளேயே ‘லாக்’ என்ற டைரக்டரி இருக்கும்.

கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் வெளியேறும்போது எழுதும் கடைசி ‘எரர்’ வரி ‘அபார்ட்டிங்’. அதற்கு மேலே ‘டேட்டா டிக்ஷனரி இனிஷியலைசேஷன் ஃபெயில்ட்’ போன்ற வரிகள் இருக்கும். இவை எல்லாம் விளைவுகள். கடைசி முறை தொடங்கிய நேரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழ்நோக்கி வந்தால் எதிர்ப்படும் முதல் ‘எரர்’ வரிதான் வேர். அதில் பெரும்பாலும் ஓஎஸ் பிழை எண்ணும் இருக்கும். 13 என்றால் அனுமதி இல்லை. 2 என்றால் கோப்போ டைரக்டரியோ இல்லை. 28 என்றால் டிஸ்க்கில் இடம் இல்லை. 12 என்றால் நினைவகம் கிடைக்கவில்லை. 98 என்றால் போர்ட் வேறொருவர் கையில். 99 என்றால் கேட்ட ஐபி முகவரி இந்த மெஷினில் இன்னும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி ‘ஐபிடேட்டா1’ கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று 11ஐக் காட்டினால், அதே டேட்டா டைரக்டரியில் இன்னொரு மைஎஸ்க்யூஎல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டை உடைக்க வழி தேடாமல் அந்த ப்ராசஸைத் தேடி முறைப்படி நிறுத்துங்கள்.

லாக் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். லாக்கைத் திறக்கும் முன்பே டேட்டாபேஸ் விழுந்திருக்கிறது. கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை, லாக் டைரக்டரியே இல்லாமை, டிஸ்க் நிரம்பியது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ‘ஜர்னல்சிடிஎல் -யூ’ கொடுத்து யூனிட்டின் வெளியீட்டைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல் ‘மைஎஸ்க்யூஎல்டி --வேலிடேட்-கான்ஃபிக்’ என்ற வசதி இருக்கிறது. சர்வரைத் தொடங்காமலே கான்ஃபிக்கை மட்டும் சரிபார்க்கும். பதிப்பு உயர்த்திய மறுநாள் எழாத சர்வர்களுக்கு இதுவே முதல் மருந்து. 8.0இல் க்வெரி கேஷ் முழுதாக நீக்கப்பட்டது. பழைய கோப்பில் ‘க்வெரி_கேஷ்_சைஸ்’ என்ற ஒரு வரி மிச்சமிருந்தாலும் ‘அன்னோன் வேரியபிள்’ என்று சொல்லி நின்றுவிடும். எஸ்க்யூஎல் மோடில் ‘நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்’ இருந்தாலும் இதே கதிதான்.

கையால் ஓட்டிப் பார்ப்பது

சிஸ்டம்டியை விட்டு, டேட்டாபேஸை ஷெல்லிலிருந்து நேரடியாகத் தொடங்குவது இது. இதைச் சரியாகச் செய்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்; தவறாகச் செய்தால் பழுது இரண்டாகும். ஒருபோதும் ரூட்டாக ஓட்டாதீர்கள். போஸ்ட்கிரெஸ் ரூட்டாக ஓட மறுத்துவிடும், அது நல்லது. மைஎஸ்க்யூஎல்லும் மறுக்கும்; ஆனால் ‘--யூசர்=ரூட்’ என்று கட்டாயப்படுத்தினால் ஓடிவிடும். அப்படி ஓடிய சில நிமிடங்களில் ரீடூ லாக் (செய்த மாற்றங்களின் பதிவு), தற்காலிக டேபிள்ஸ்பேஸ், பைனரி லாக் என்று ரூட்டின் பெயரில் புதிய கோப்புகள் பிறந்திருக்கும். அடுத்தமுறை சர்வீஸ் தன் சொந்த யூசராக எழும்போது அவற்றைத் தொடமுடியாமல் 13 என்று விழும். ‘கையால் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை’ என்ற புகாரில் கணிசமான பங்கு இப்படிப் பிறந்ததே. ‘ஃபைண்ட் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் ! -யூசர் மைஎஸ்க்யூஎல்’ என்று அடித்தால், உடைமை மாறிய கோப்புகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

சரியான வழி ‘சூடோ -யூ மைஎஸ்க்யூஎல் மைஎஸ்க்யூஎல்டி’. /ரன்/மைஎஸ்க்யூஎல்டி என்ற டைரக்டரி அப்போது இல்லாமல் போயிருக்கலாம், ஏனென்றால் சர்வீஸ் நின்றதும் சிஸ்டம்டியே அதை எடுத்துவிடும். சாக்கெட் லாக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற பிழை வந்தால் அந்த டைரக்டரியை மைஎஸ்க்யூஎல் யூசரின் பெயரில் உருவாக்கிக்கொள்ளுங்கள். இது சோதனையின் பக்கவிளைவு, மூலப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போஸ்ட்கிரெஸுக்கு ‘போஸ்ட்கிரெஸ்’ யூசராக, ‘-டி’ கொடுத்து டேட்டா டைரக்டரியையும், ‘-சி லாகிங்_கலெக்டர்=ஆஃப்’ என்பதையும் சேர்த்தால் எல்லாப் பிழையும் திரையிலேயே கொட்டும். டெபியன் வகையில் கான்ஃபிக் /ஈடிசிக்குள் தனியாக இருப்பதால் ‘-சி கான்ஃபிக்_ஃபைல்=’ என்று அதன் முழுப் பாதையையும் சொல்லவேண்டும். சோதனை முடிந்ததும் நிறுத்த மறக்காதீர்கள்: போஸ்ட்கிரெஸுக்கு கண்ட்ரோல்-சி போதும், மைஎஸ்க்யூஎல்லுக்கு ‘மைஎஸ்க்யூஎல்அட்மின் ஷட்டவுன்’.

கையாலும் எழவில்லை என்றால் கோளாறு டேட்டாபேஸ் பக்கம். போர்ட்டை ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ கொண்டு பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8க்கு 3306 மட்டுமல்லாமல் எக்ஸ் ப்ளகினுக்கு 33060உம் இருக்கிறது. ஒரே மெஷினில் இரண்டு இன்ஸ்டன்ஸ் வைப்பவர்கள் இந்த இரண்டாவது போர்ட்டை மறந்துவிடுவார்கள்.

டிஸ்க்கைப் பார்க்கும்போது ‘டிஎஃப் -ஹெச்’ மட்டும் போதாது, ‘டிஎஃப் -ஐ’ கொடுத்து ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) பாருங்கள். ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் அந்த எல்லையைத் தொட்டபின் ரூட்டாக ஒரு கோப்பை எழுதிப் பார்த்தால் எழுதும். டேட்டாபேஸ் யூசரால் ஒரு பைட்டும் எழுத முடியாது. ‘இடம் இருக்கிறதே’ என்று மணிக்கணக்கில் வேறு திசையில் அலையவைப்பது இதுதான். சோதனைக் கோப்பையும் டேட்டாபேஸ் யூசராகவே எழுதிப் பாருங்கள்.

இடம் வேண்டுமென்று ‘பிஜி_வால்’ டைரக்டரியில் கைவைக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸின் ரீடூ லாக்கான ‘வால்’ கோப்புகள் அங்கேதான் இருக்கும். 10ஆம் பதிப்புக்கு முன் அதன் பெயர் ‘பிஜி_எக்ஸ்லாக்’. ‘லாக்’ என்று இருந்ததால் பழைய லாக்தானே என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் இருந்தார்கள், பெயர் மாற்றப்பட்டதே அதனால்தான். மைஎஸ்க்யூஎல்லின் ‘ஐபி_லாக்ஃபைல்’, 8.0.30 முதல் வந்த ‘#இன்னோடிபி_ரீடூ’ டைரக்டரி ஆகியவற்றுக்கும் இதே விதி. சுழற்றிய பழைய டெக்ஸ்ட் லாக், பேக்கேஜ் கேஷ், மறந்துபோன டம்ப் கோப்பு ஆகியவற்றை முதலில் நகர்த்துங்கள். போஸ்ட்கிரெஸ் எழுந்தபின், ‘வால்’ கோப்புகள் ஏன் குவிந்தன என்று பாருங்கள்: தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கமாண்ட், அல்லது யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட்.

‘போஸ்ட்மாஸ்டர்.பிஐடி’ கோப்பு ஏற்கனவே இருக்கிறது என்று வந்தால், அதன் முதல் வரியில் உள்ள எண்ணில் எந்த ப்ராசஸ் ஓடுகிறது என்று பார்த்த பிறகே அதைத் தொடுங்கள். போஸ்ட்கிரெஸ் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழித்து இன்னொன்றைத் தொடங்கினால், இரண்டு சர்வர்கள் ஒரே கோப்புகளில் எழுதத் தொடங்கக்கூடும். அதிலிருந்து மீளப் பேக்கப் ஒன்றே வழி.

கையால் ஓடுகிறது, சர்வீஸாக இல்லை

யூசரும் கோப்பு உடைமையும் சரியாக இருந்தும் இந்த நிலை என்றால், ஷெல்லுக்கு இல்லாத ஏதோ ஒரு வேலி சர்வீஸுக்கு இருக்கிறது. டேட்டா டைரக்டரியைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிய பிறகே இது அதிகம் வரும்.

ரெட் ஹேட் வகையில் அந்த வேலி எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. ஷெல்லிலிருந்து ஓட்டினால் ப்ராசஸ் கட்டற்ற சூழலில் ஓடும். சிஸ்டம்டி தொடங்கினால் டேட்டாபேஸுக்கான கட்டுக்குள் போகும். அதனால்தான் ஒன்று ஓடுகிறது, மற்றது விழுகிறது. ‘ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசண்ட்’ கொடுத்தால் மறுக்கப்பட்டது எது என்று தெரியும். ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டுச் சோதிக்கலாம், சோதனைக்கு மட்டும். தீர்வு, புதிய பாதைக்கு ‘மைஎஸ்க்யூஎல்டி_டிபி_டி’ என்ற லேபிளை ‘எஸ்இமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ மூலம் பதிந்து, ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்டுவது. போஸ்ட்கிரெஸுக்கு லேபிள் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்_டிபி_டி’. போர்ட்டை மாற்றினாலும் எஸ்இலினக்ஸ் கேட்கும். அதற்கு ‘எஸ்இமேனேஜ் போர்ட்’.

உபுண்டுவில் அதே வேலையைச் செய்வது ஆப்ஆர்மர். கர்னல் லாக்கில் ‘டினைட்’ என்ற சொல்லோடு பாதையும் இருக்கும். மூல ப்ரொஃபைலைத் திருத்தாமல், /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/லோக்கல் டைரக்டரியில் உள்ள கோப்பில் புதிய பாதைக்கு ‘ஆர்’, அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ‘ஆர்டபிள்யூகே’ என்று இரண்டு வரி சேர்த்து, ‘ஆப்ஆர்மர்_பார்சர் -ஆர்’ கொண்டு மறுபடி ஏற்றுங்கள். ‘கே’ என்பது கோப்பைப் பூட்டும் அனுமதி. அதை விட்டுவிட்டால் படிக்கும், எழுதும், ஆனால் பூட்டமுடியாமல் விழும்.

பாதையில் மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழைய டேட்டாபேஸ் யூசருக்கு அனுமதி வேண்டும். ‘நேம்ஐ -எல்’ பாதையின் ஒவ்வொரு படிக்கும் உடைமையையும் அனுமதியையும் காட்டும். இவ்வளவு பயனுள்ள கமாண்ட் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம்தான். டேட்டாவை /ஹோமுக்குள் வைத்தவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் யூனிட்டில் ‘ப்ரொடெக்ட்ஹோம்’ இருப்பதால் சர்வீஸின் கண்ணுக்கு /ஹோம் காலியாகவே தெரியும். டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றுவதே நல்லது. மாற்றமுடியாது என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் அந்த வரியை மேலெழுதுங்கள். பேக்கேஜோடு வந்த யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அது போய்விடும். திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பும் அப்படியே: ‘லிமிட்ஸ்.கான்ஃப்’ மாற்றுவது சர்வீஸைத் தொடாது, யூனிட்டில் ‘லிமிட்நோஃபைல்’ வேண்டும்.

அடுத்தது காலக்கெடு. சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடிதான் பொறுக்கும். பேக்கேஜ்களோடு வரும் யூனிட்கள் இதைக் கூட்டியே வைத்திருக்கும். கையால் எழுதிய யூனிட்களில் அது இருக்காது. மின்சாரம் போய் சர்வர் விழுந்தபின் இன்னோடிபியோ போஸ்ட்கிரெஸோ எழும்போது ரீடூ லாக்கைக் கடைசி செக்பாயிண்டிலிருந்து (மாற்றங்கள் டேட்டா கோப்புகளில் எழுதி முடிந்த இடம்) ஓட்டிச் சரிசெய்யும். பெரிய டேட்டாபேஸில் இது பல நிமிடம் பிடிக்கும். 90ஆவது விநாடியில் சிஸ்டம்டி அதை வெட்டினால், அடுத்த முயற்சி மறுபடி அதே வேலையைத் தொடங்கும், மறுபடி வெட்டுப்படும். வெளியிலிருந்து பார்த்தால் டேட்டாபேஸ் பழுதானதுபோலத் தெரியும். உண்மையில் அது தன்னைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது. ஜர்னலில் ‘ஸ்டார்ட் ஆபரேஷன் டைம்டு அவுட்’ என்று பார்த்தால், ‘டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி’ என்று ஓவர்ரைடில் எழுதி, ‘டீமன்-ரீலோட்’ கொடுத்து, தொடங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

இதே 90 விநாடிக்கு இன்னொரு முகமும் உண்டு. சர்வர் நன்றாக எழுந்து கனெக்‌ஷனும் கொடுத்து, ஒன்றரை நிமிடத்தில் செத்தால், யூனிட்டின் ‘டைப்’ தவறு. ‘டைப்=நோட்டிஃபை’ என்றால் டேட்டாபேஸ் ‘தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் செய்தி அனுப்பவேண்டும். சோர்ஸிலிருந்து தொகுத்த போஸ்ட்கிரெஸில் ‘--வித்-சிஸ்டம்டி’ கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தச் செய்தி வரவே வராது. ‘ஃபோர்க்கிங்’ என்று எழுதிவிட்டு முன்னணியில் ஓடும் கமாண்டைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் எழாமல், கையால் ஸ்டார்ட் கொடுத்தால் உடனே எழுந்தால், வரிசைப் பிரச்சினை. பிழை 99 என்றால் நெட்வொர்க் வருமுன் டேட்டாபேஸ் எழுந்திருக்கிறது. ‘ஆஃப்டர்’, ‘வாண்ட்ஸ்’ இரண்டிலும் ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’ சேருங்கள். டேட்டா தனி டிஸ்க்கில் இருந்தால் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=’ என்று அதன் பாதையைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் ஏறாத நாளில் காலி மவுண்ட் பாயிண்டைப் பார்த்து, ரெட் ஹேட் வகை மைஎஸ்க்யூஎல் யூனிட்டின் முன்தயாரிப்பு ஸ்கிரிப்ட் அங்கே புதிதாக ஒரு காலி டேட்டாபேஸையே உருவாக்கிவிடும். சர்வீஸ் பச்சை, டேபிள் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்யப் பாயாமல் முதலில் ‘ஃபைண்ட்எம்என்டி’ கொடுத்து டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸில் எண்கள் வேறு. 1067 என்றால் ப்ராசஸ் தானே வெளியேறியது, 1069 என்றால் சர்வீஸ் கணக்கால் லாகின் ஆகமுடியவில்லை (பாஸ்வேர்டு மாறியிருக்கலாம்), 1053 என்றால் குறித்த நேரத்தில் பதில் இல்லை. மைஎஸ்க்யூஎல்லுக்கு ‘மைஎஸ்க்யூஎல்டி --கன்சோல்’ என்று, சர்வீஸ் பயன்படுத்தும் அதே ‘--டிஃபால்ட்ஸ்-ஃபைல்’ பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். நோட்பேடில் திருத்திச் சேமித்த ‘மை.ஐஎன்ஐ’ கோப்பின் தலையில் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத குறி சேர்ந்திருந்தால், முதல் வரியே பிழை என்று சொல்லும். பாதைகளில் முன்சாய்வுக் கோட்டையே பயன்படுத்துங்கள். பின்சாய்வுக் கோட்டை அடுத்து ஆங்கில ‘எஸ்’ வந்தால் மைஎஸ்க்யூஎல் அதை ஓர் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் பார்த்தபின் இன்னோடிபி கோப்பே சிதைந்திருக்கிறது என்று உறுதியானால் மட்டும் ‘இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி’. 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுங்கள். 4 அல்லது அதற்கு மேல் போனால் டேட்டா நிரந்தரமாகச் சிதையலாம், எனவே நகலின்மேல் மட்டும். எழுந்ததும் முழு டம்ப் எடுத்து, புதிய டைரக்டரியில் ஏற்றுங்கள். அந்த வரியை வைத்துக்கொண்டே பழைய டைரக்டரியில் வேலையைத் தொடரக் கூடாது.

சர்வீஸ் எழுந்ததும் ‘மைஎஸ்க்யூஎல்அட்மின் பிங்’ அல்லது ‘பிஜி_இஸ்ரெடி’ கொடுத்து, அப்ளிகேஷன் யூசராக ஒரு டேபிளைப் படித்துப் பாருங்கள். ‘செட்என்ஃபோர்ஸ் 1’ திரும்பப் போட்டாயிற்றா, ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட்’ என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, வேலை குறைந்த நேரத்தில் ஒருமுறை வேண்டுமென்றே ரீபூட் செய்து, தானாக எழுகிறதா என்று அருகிலேயே இருந்து பாருங்கள்.